கலோரிமீட்டர் அளவீட்டிலிருந்து நடுநிலையாக்கல் வெப்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலோரிமீட்டரில், அதாவது வெப்பம் வெளியே போகாமல் காக்கும் பாத்திரத்தில், அமிலத்தையும் காரத்தையும் கலந்து, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதிலிருந்து நடுநிலையாக்கல் வெப்பத்தைக் கணக்கிடும் செய்முறை பள்ளியிலும் கல்லூரியிலும் பலரும் செய்வதுதான். சோதனை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம், கணக்கு நோட்டைத் திறக்கும்போது தொடங்குகிறது. விடை (மோலுக்கு எத்தனை கிலோஜூல் என்று) 49 வருகிறது, புத்தகம் 57.3 என்கிறது, பக்கத்து மேஜைக்காரருக்கு 26 வந்திருக்கிறது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே சோதனையின் அளவீடுகளையே பயன்படுத்தியிருக்கிறேன். அப்போதுதான் எந்தத் திருத்தம் விடையை எவ்வளவு நகர்த்துகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நடுநிலையாக்கல் வெப்பம் என்று எதைச் சொல்கிறோம்?

நீர்த்த கரைசலில் அமிலமும் காரமும் வினைபுரிந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை. (மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு.) "ஒரு மோல் நீர்" என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஒரு மோல் அமிலம் என்று எடுத்துக்கொண்டால் சல்ஃப்யூரிக் அமிலத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அது பின்னால் வருகிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், எதை எடுத்தாலும் ஏன் ஏறத்தாழ ஒரே மதிப்பு வருகிறது?

வலிமையான அமிலமும் வலிமையான காரமும் கரைசலில் முன்பே முழுவதும் அயனிகளாக, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களாக, பிரிந்து கிடக்கின்றன. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் கலப்பதற்கு முன்பும் கரைசலில் இருந்தன, கலந்த பின்பும் அப்படியே இருக்கின்றன. நடக்கும் ஒரே வினை, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நைட்ரிக் அமிலமும் எடுத்தாலும் அதே வினைதான். வினை ஒன்று என்றால் வெப்பமும் ஒன்று.

இது பார்த்தவுடன் புரிந்துவிட்ட விஷயம் இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெஸ் 1840-இல் வெப்பக் கூட்டல் விதியை வெளியிட்டபோது, அவர் கையில் இருந்த சான்றுகளில் முக்கியமானவை நடுநிலையாக்கல் அளவீடுகளே. வெவ்வேறு அளவு நீர் சேர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தை அம்மோனியாவால் நடுநிலையாக்கி, நீர் சேர்க்கும்போது வெளிவந்த வெப்பத்தையும் நடுநிலையாக்கும்போது வெளிவந்த வெப்பத்தையும் கூட்டினால் மொத்தம் மாறாமல் இருப்பதைக் கண்டார். பின்னர் கோபன்ஹேகனில் ஜூலியஸ் தாம்சன் ஏராளமான அமில, கார இணைகளை அளந்தார். வலிமையான அமிலங்கள் ஏன் ஒரே எண்ணைக் கொடுக்கின்றன என்பதற்கான காரணம், 1880-களில் அர்ரீனியஸ் அயனிப் பிரிகைக் கொள்கையைக் கொண்டுவந்த பிறகுதான் தெளிவானது. அவருடைய கொள்கையைச் சந்தேகித்தவர்களுக்கு இந்த ஒரே எண் ஒரு வலுவான பதிலாக இருந்தது.

புத்தகத்தில் 57.3, வேறு இடங்களில் 55.8. எது சரி?

இரண்டும் சரி, வெவ்வேறு வெப்பநிலைகளில். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நடுநிலையாக்கல் வெப்பம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். அயனிகளாக இருந்தபோது கரைசலின் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு டிகிரி சூடாகத் தேவையான வெப்பம்) ஒன்று, நீராகிவிட்ட பிறகு வேறொன்று. அந்த வித்தியாசம் மோலுக்கு ஏறத்தாழ 224 ஜூல்/டிகிரி. அதாவது ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் வெளிவரும் வெப்பம் மோலுக்கு 0.22 கிலோஜூல் அளவில் குறைகிறது. 25 டிகிரியில், மிக நீர்த்த கரைசலுக்கு, மதிப்பு −55.8 கி.ஜூ./மோல். இதை உருவாதல் வெப்ப அட்டவணையிலிருந்தே சரிபார்க்கலாம்: திரவ நீருக்கு −285.8, கரைசலிலுள்ள ஹைட்ராக்சைடு அயனிக்கு −230.0, ஹைட்ரஜன் அயனிக்கு சுழியம். கழித்தால் −55.8.

இதே கணக்கில் 20 டிகிரிக்குப் போனால் −56.9, 18 டிகிரிக்குப் போனால் −57.4 வருகிறது. பழைய நூல்களில் உள்ள 13.7 கிலோகலோரி என்ற எண்ணைத்தான் பிற்காலத்தில் 4.184-ஆல் பெருக்கி 57.3 கிலோஜூல் என்று எழுதினார்கள். குளிர்நாட்டு ஆய்வகங்களின் அறை வெப்பநிலைக்குப் பொருந்துகிற எண் அது. தமிழ்நாட்டு 11-ஆம் வகுப்புப் பாடநூலில் உள்ள −57.32-ம் இந்த வழியில் வந்ததுதான்.

சரி, சென்னையிலோ மதுரையிலோ மே மாத ஆய்வகத்தில் 30 டிகிரியில் சோதனை செய்கிறீர்கள். எதிர்பார்க்க வேண்டிய மதிப்பு என்ன? சுமார் −54.7. அங்கே 57.3 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். "புத்தக மதிப்பு வரவில்லை" என்று அளவீட்டைத் திருத்தி எழுதும் மாணவர், சரியான அளவீட்டை அழித்துவிட்டுத் தவறான ஒன்றை எழுதுகிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். ஏனென்றால் இந்தச் சோதனையில் கிடைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் இருக்கிறது, தேடினால் அது கிடைக்கவும் செய்யும்.

தேர்வில் மதிப்பு கேட்டால் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். செய்முறை நோட்டில் உங்கள் கலோரிமீட்டர் சொல்வதை எழுதுங்கள், பக்கத்தில் அறை வெப்பநிலையையும் எழுதுங்கள்.

எந்தப் பாத்திரத்தில் செய்யலாம்?

இணையத்தில் உள்ள பெரும்பாலான விளக்கங்கள் தெர்மாகோல் கப்பைச் சொல்கின்றன. வெப்பம் கடத்தாது, தன் பங்குக்கு வெப்பத்தை அதிகம் உறிஞ்சாது என்பதால் அது நல்ல தேர்வுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் தெர்மாகோல் கப் தடைசெய்யப்பட்ட பொருள். பழைய இருப்பு ஆய்வகத்தில் இருந்தால் கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். இல்லையென்றால் இயற்பியல் ஆய்வகத்தில் மரப்பெட்டிக்குள் பஞ்சு அடைத்து வைத்திருக்கும் தாமிரக் கலோரிமீட்டர் போதும். அகல வாய் உள்ள தெர்மாஸ் குடுவையும் நன்றாக வேலை செய்யும்.

தாமிரம் என்றால் முதலில் காரத்தை ஊற்றி, அப்புறம் அமிலத்தைச் சேருங்கள். அமிலம் தாமிரத்தில் தனியாக நின்றுகொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அலுமினியக் கலோரிமீட்டர் கூடவே கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும், அந்த வினையே நிறைய வெப்பம் தரும். பாத்திரமும் போய், அளவீடும் போய்விடும். தாமிரம்தானா என்று நிறத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில பெட்டிகளில் உள்ளே அலுமினியம் இருக்கும்.

ஒரு கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுங்கள்.

தாமிரக் கலோரிமீட்டரில் 1.0 மோலார் (லிட்டருக்கு 1.0 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி., வெப்பநிலை 28.8 டிகிரி. பீக்கரில் 1.0 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., வெப்பநிலை 28.4 டிகிரி. கலந்த பிறகு, வரைபடத்திலிருந்து பெற்ற இறுதி வெப்பநிலை 34.8 டிகிரி. கலோரிமீட்டர் மாறிலி, அதாவது பாத்திரம் ஒரு டிகிரி ஏற எடுத்துக்கொள்ளும் வெப்பம், 24 ஜூல்/டிகிரி. (கடைசி இரண்டும் எப்படிக் கிடைத்தன என்பது அடுத்தடுத்த கேள்விகளில்.)

தொடக்க வெப்பநிலை: இரண்டும் சம அளவு என்பதால் சராசரி எடுக்கலாம், 28.6 டிகிரி.

வெப்பநிலை ஏற்றம்: 34.8 − 28.6 = 6.2 டிகிரி.

கரைசல் பெற்ற வெப்பம்: 100 கிராம் × 4.18 × 6.2 = 2592 ஜூல். (4.18 என்பது நீரின் தன்வெப்பம், அதாவது ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான ஜூல்.)

கலோரிமீட்டர் பெற்ற வெப்பம்: 24 × 6.2 = 149 ஜூல்.

மொத்தம்: 2741 ஜூல், அதாவது 2.74 கிலோஜூல்.

உருவான நீர்: 0.050 லிட்டர் × 1.0 = 0.050 மோல்.

நடுநிலையாக்கல் வெப்பம்: 2.74 ÷ 0.050 = 54.8. வெப்பம் வெளியேறியதால் −54.8 கி.ஜூ./மோல்.

கலோரிமீட்டர் பெற்ற 149 ஜூலை விட்டுவிட்டால் விடை −51.8. ஒரு சிறிய தாமிரக் குவளையைக் கணக்கில் சேர்க்க மறந்ததற்கே 3 கிலோஜூல் போகிறது.

கலோரிமீட்டர் மாறிலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து. கலோரிமீட்டரில் 50 கிராம் நீர், 29.0 டிகிரியில். அதில் 55.0 டிகிரியில் உள்ள 50 கிராம் வெந்நீரை ஊற்றி மூடிக் கலக்குகிறோம். வரைபடத்திலிருந்து கிடைத்த கலவை வெப்பநிலை 41.3. பாத்திரம் எதையும் உறிஞ்சவில்லை என்றால் சரியாக 42.0 வந்திருக்க வேண்டும். குறைந்த 0.7 டிகிரிதான் பாத்திரத்தின் பங்கு.

வெந்நீர் இழந்தது: 50 × 4.18 × 13.7 = 2863 ஜூல். குளிர்ந்த நீர் பெற்றது: 50 × 4.18 × 12.3 = 2571 ஜூல். மீதி 292 ஜூலைக் கலோரிமீட்டரும் கலக்கியும் தெர்மாமீட்டரும் எடுத்துக்கொண்டன. அவையும் 12.3 டிகிரிதான் ஏறின. எனவே 292 ÷ 12.3 = 24 ஜூல்/டிகிரி.

இதற்கு ஒரு குறுக்குச் சோதனை உண்டு. குவளையையும் கலக்கியையும் எடைபோடுங்கள். 60 கிராம் தாமிரம் என்றால், தாமிரத்தின் தன்வெப்பம் 0.385 என்பதால், 60 × 0.385 = 23 ஜூல்/டிகிரி. சோதனையில் கிடைத்த 24-க்கு மிக அருகில் இருக்கிறது. மூழ்கியிருந்த தெர்மாமீட்டர் மீதியைச் சேர்க்கிறது. உங்களுக்குச் சோதனையில் 90 வந்து, எடைக் கணக்கில் 23 வந்தால், வெந்நீரை ஊற்றும் வழியிலேயே ஆறவிட்டிருக்கிறீர்கள். வெந்நீரின் வெப்பநிலையை ஊற்றுவதற்குச் சற்று முன்பு படியுங்கள், அடுப்பிலிருந்து இறக்கியபோது அல்ல. இந்த மாறிலியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான்.

சில செய்முறை நூல்களில் இதை நீர்ச்சமானம் என்று கிராமில் கேட்பார்கள். 24-ஐ 4.18-ஆல் வகுத்தால் 5.7 கிராம். "இந்தக் கலோரிமீட்டர் 5.7 கிராம் நீரைப்போல நடந்துகொள்கிறது" என்று பொருள். அந்த 5.7-ஐ நேராக 100 கிராமோடு கூட்டிப் பெருக்கினாலும் அதே விடை வரும்.

தெர்மாமீட்டர் காட்டும் உச்ச வெப்பநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்தால் விடை குறையும். கலந்த கணத்திலேயே வினை முடிந்துவிடுகிறது, ஆனால் தெர்மாமீட்டர் அதை எட்டிப்பிடிக்க ஒரு நிமிடம் வரை ஆகும். அந்த நேரத்துக்குள் கொஞ்சம் வெப்பம் வெளியே போய்விடும். அதனால் கண்ணால் பார்க்கும் உச்சம் எப்போதும் உண்மையான உச்சத்தைவிடக் கீழேதான்.

செய்ய வேண்டியது இது. காரம் கலோரிமீட்டரில் இருக்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை 3 நிமிடம் வரை படியுங்கள். 4-ஆவது நிமிடத்தில் படிக்காமல் அமிலத்தை ஊற்றுங்கள். அதன் பிறகு 12-ஆவது நிமிடம் வரை விடாமல் கலக்கிக்கொண்டே படியுங்கள். மேலே உள்ள சோதனையில் 5-ஆவது நிமிடத்தில் 34.5, 6-இல் 34.5, 8-இல் 34.2, 10-இல் 33.9, 12-இல் 33.6 டிகிரி. 6-ஆவது நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு 0.3 டிகிரி வீதம் சீராக இறங்குகிறது. அந்த நேர்கோட்டைப் பின்னோக்கி 4-ஆவது நிமிடம் வரை நீட்டினால் 34.8. வெப்பமே இழக்காத கலோரிமீட்டர் இருந்திருந்தால் அது இதைத்தான் காட்டியிருக்கும்.

5-ஆவது நிமிடப் புள்ளியைக் கோட்டில் சேர்க்கக் கூடாது. அப்போது தெர்மாமீட்டர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

உச்சமாகத் தெரிந்த 34.5-ஐயே எடுத்து, கலோரிமீட்டரையும் மறந்துவிட்டால்: 100 × 4.18 × 5.9 ÷ 0.050 = 49.3 கி.ஜூ. ஒரே சோதனை, ஒரே தெர்மாமீட்டர், 49.3-க்கும் 54.8-க்கும் நடுவில் இருப்பது கணக்கு போடும் முறை மட்டும்தான்.

அமிலமும் காரமும் வேறு வேறு வெப்பநிலையில், வேறு வேறு கனஅளவில் இருந்தால்?

வெறும் சராசரி போதாது, அளவுக்கேற்ற சராசரி வேண்டும். 60 மி.லி. காரம் 29.0 டிகிரி, 40 மி.லி. அமிலம் 28.0 டிகிரி என்றால் தொடக்க வெப்பநிலை (60 × 29.0 + 40 × 28.0) ÷ 100 = 28.6. இந்தத் தலைவலியைத் தவிர்க்க எளிய வழி, இரண்டு கரைசல்களையும் ஒரே மேஜையில் அரை மணி நேரம் வைத்துவிடுவதுதான். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர்தான் இருக்கிறது என்றால், ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைக்கும் முன் கழுவித் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுநிலையாக்கல் தெர்மாமீட்டர் முனையிலேயே தொடங்கிவிடும்.

எந்த நிறையைப் போட வேண்டும்? 4.18 என்பது நீருக்கான மதிப்பு அல்லவா?

இரண்டு கரைசல்களின் மொத்த நிறை. சூடாவது கலவை முழுவதும்தான், அமிலம் மட்டும் அல்ல.

கலவை உண்மையில் 0.5 மோலார் உப்புக் கரைசல். அதன் அடர்த்தி ஒன்றைவிடச் சற்று அதிகம், ஏறத்தாழ 1.02. தன்வெப்பமோ நீரைவிடச் சற்றுக் குறைவு, 4.03 அளவில். இரண்டையும் பெருக்கினால் மி.லி.க்கு 4.1 ஜூல் வருகிறது. "அடர்த்தி 1, தன்வெப்பம் 4.18" என்ற எளிமையாக்கலில் ஒரு பிழை மற்றொன்றைப் பெருமளவு ஈடுகட்டிவிடுவதால் மிஞ்சுவது சுமார் 2 சதவீதம்தான். பள்ளிச் சோதனையில் இதைத் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் ஒரு திருத்தத்தை மட்டும் செய்து மற்றதை விடாதீர்கள். 102 கிராம் போட்டு 4.18-ஆல் பெருக்கினால், இரண்டையுமே விட்டதைவிட மோசமான விடை வரும்.

50-க்குப் பதில் 100 மி.லி. வீதம் எடுத்தால் வெப்பநிலை இரண்டு மடங்கு ஏறுமா?

ஏறாது. வெப்பம் இரட்டிப்பாகும், சூடாக வேண்டிய நீரும் இரட்டிப்பாகும். நம் கலோரிமீட்டரில் 6.2-க்குப் பதில் 6.4 டிகிரி ஏறும். அந்தச் சிறிய கூடுதலும் பாத்திரத்தின் பங்கு விகிதத்தில் குறைந்ததால் வருவது. வெப்பநிலை ஏற்றத்தைக் கூட்ட வேண்டும் என்றால் செறிவைக் கூட்ட வேண்டும். 2 மோலார் எடுத்தால் 12 டிகிரிக்கு மேல் ஏறும்.

அமிலமும் காரமும் சம மோல் இல்லையென்றால்?

எது குறைவோ அதுதான் நீரின் அளவைத் தீர்மானிக்கும். 1.0 மோலார் அமிலம் 50 மி.லி., 0.8 மோலார் காரம் 50 மி.லி. என்றால் உருவாகும் நீர் 0.040 மோல்தான், நம் கலோரிமீட்டரில் ஏற்றம் 5.0 டிகிரி. வகுக்கும்போது 0.050 போட்டுவிட்டால் விடை 44-க்குக் கீழே போய்விடும்.

இதனால்தான் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலின் லேபிளை நம்பக் கூடாது. திட சோடியம் ஹைட்ராக்சைடு எடைபோடும்போதே காற்றின் ஈரத்தை இழுக்கும். கரைசலாக வைத்தாலும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறிக்கொண்டிருக்கும். "1.0 மோலார்" என்று எழுதிய பாட்டிலில் 0.95 இருப்பது சாதாரணம். ஆக்ஸாலிக் அமிலத்தைக் கொண்டு தரம்பார்த்துவிட்டு, அதாவது உண்மையான செறிவை அளந்துவிட்டு, சோதனையைத் தொடங்குவது நல்லது. அல்லது காரத்தை வேண்டுமென்றே சில மி.லி. கூடுதலாக எடுத்து, செறிவு உறுதியாகத் தெரிந்த அமிலத்தின் மோல்களை வைத்துக் கணக்கிடலாம். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. நேரம் மிச்சம், நம்பிக்கை அதிகம். கூடுதல் காரத்தின் நிறையை மொத்தத்தில் சேர்க்க மட்டும் மறக்க வேண்டாம்.

வெப்பநிலை ஏறியிருக்கிறது, அப்புறம் ஏன் மைனஸ் குறி?

தெர்மாமீட்டர் அளப்பது நீர் பெற்ற வெப்பத்தை. நாம் கேட்பது வினை இழந்த வெப்பத்தை. நீருக்கு +2.74 என்றால் வினைக்கு −2.74. கணக்கு முழுவதையும் மிகைக் குறியில் போட்டு, கடைசி வரியில் ஒரே ஒருமுறை குறியை மாற்றினால் குழப்பம் வராது.

விடை மிகவும் தள்ளி வந்திருக்கிறது. எங்கே தவறு என்று எண்ணைப் பார்த்தே சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும்.

26-ஐ ஒட்டி வந்தால், சரியான விடையில் பாதி. நிறையாக 50 கிராம் மட்டும் போட்டிருப்பீர்கள், அல்லது மோல் கணக்கில் 100 மி.லி.யைப் பயன்படுத்தி 0.1 மோல் என்று வகுத்திருப்பீர்கள்.

13 வந்தால் பெரும்பாலும் தவறே இல்லை. தன்வெப்பத்தை 1 என்று வைத்ததால் விடை கிலோகலோரியில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வந்தால் வெப்பநிலை ஏற்றத்தோடு 273-ஐக் கூட்டியிருப்பீர்கள். 6.2 டிகிரி ஏற்றம் என்பது கெல்வினிலும் 6.2 ஏற்றம்தான்.

48, 49 வந்தால் கணக்குப் படிகள் சரி, வெப்பம்தான் கணக்கில் வராமல் போயிருக்கிறது. பின்னோக்கி நீட்டாமல் உச்சத்தைப் படித்தது, கலோரிமீட்டரை விட்டது, காரம் வலுவிழந்தது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு நடந்திருக்கும்.

60-ஐத் தாண்டினால் வேறு திசையில் தேட வேண்டும். அன்று காலையில் தயாரித்த சோடியம் ஹைட்ராக்சைடு முழுவதும் ஆறவில்லை என்பதே நான் முதலில் சந்தேகிப்பது. கரையும்போதே அது மோலுக்கு 44 கிலோஜூலுக்கு மேல் வெளியிடுகிறது, பெரிய பாட்டில் ஆறப் பல மணி நேரம் ஆகும். காரத்தின் வெப்பநிலையைத் தனியாகப் படிக்காமல் "அறை வெப்பநிலை" என்று எழுதியிருந்தால் இது கண்ணில் படாது.

தெர்மாமீட்டர் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும்?

0.2 டிகிரிக் கோடுகள் உள்ளது என்றால் ஒவ்வொரு படிப்பிலும் ±0.1 வரை பிழை. தொடக்கம், முடிவு என இரண்டு படிப்புகள், ஆக மொத்தம் ±0.2. ஏற்றம் 6.2-இல் இது 3 சதவீதம், விடையில் ±1.8 கிலோஜூல். ஒரு டிகிரிக் கோடுகள் மட்டுமே உள்ள தெர்மாமீட்டரில் பிழை 16 சதவீதம் வரை போகும். அதை வைத்து 54.8 என்று தசமம் எழுதுவதற்குப் பொருளே இல்லை. அப்படிப்பட்ட தெர்மாமீட்டர்தான் இருக்கிறது என்றால் 2 மோலார் கரைசல்களைப் பயன்படுத்துங்கள். ஏற்றம் இரட்டிப்பாவதால் படிப்புப் பிழை பாதியாகும்.

வலிமை குறைந்த அமிலங்களுக்கு விடை எப்படி மாறும்?

அவற்றில் பெரும்பாலான மூலக்கூறுகள் பிரியாமல் இருக்கின்றன. நடுநிலையாக்கும்போது முதலில் அவை பிரிய வேண்டும், அதற்கான வெப்பக் கணக்கு தனி. ஹைட்ரோசயனிக் அமிலத்தைப் பிரிக்க மோலுக்கு 43 கிலோஜூலுக்கு மேல் செலவாகிறது. எனவே சோடியம் ஹைட்ராக்சைடுடன் மிஞ்சுவது −12 அளவுதான். (இது அட்டவணையில் பார்க்க வேண்டிய எண். கொடிய நஞ்சு, எந்த மாணவர் ஆய்வகத்திலும் தொடக் கூடாதது.) அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் −52-ஐ ஒட்டி.

அசிட்டிக் அமிலம்தான் பலரைக் குழப்புகிறது. வலிமை குறைந்தது என்பதால் விடை நன்றாகக் குறையும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் 25 டிகிரியை ஒட்டி அதன் பிரிகை வெப்பம் ஏறத்தாழ சுழியம். அதனால் அளந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து பிரித்தறிய முடியாத மதிப்புதான் வரும். சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இன்னும் வியப்பானது. வலிமை குறைந்த அமிலமாக இருந்தும் அதன் மதிப்பு −68 அளவில், வலிமையான அமிலங்களையே மிஞ்சுகிறது. ஃபுளூரைடு அயனி சிறியது, நீர் மூலக்கூறுகள் அதை மிக இறுக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன; அந்தச் சூழ்தலில் வெளிவரும் வெப்பம், பிணைப்பை உடைக்கச் செலவானதைவிட அதிகம். ஆகவே "வலிமை குறைந்த அமிலம் என்றால் வெப்பமும் குறைவு" என்று பாடநூல்களில் வரும் விதி எப்போதும் பொருந்தாது. அமிலத்தின் வலிமை ஒன்று, அதன் பிரிகை வெப்பம் வேறொன்று.

சல்ஃப்யூரிக் அமிலத்துக்கு எதால் வகுப்பது?

நீரின் மோலால். 0.5 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம் 50 மி.லி. எடுத்தால் அமிலம் 0.025 மோல், ஆனால் போதிய காரத்துடன் உருவாகும் நீர் 0.050 மோல். விடை 55-க்குப் பதில் 66 அளவில் வந்தால் அதிர வேண்டாம். இரண்டாவது ஹைட்ரஜன் பிரியும்போது மோலுக்கு 20 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிவருகிறது, அது இரண்டு மோல் நீருக்குமாகப் பகிரப்படுகிறது.

திட சோடியம் ஹைட்ராக்சைடை நேராக அமிலத்தில் போட்டால்?

வசதி இருந்தால் இதையும் கட்டாயம் செய்து பாருங்கள். 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி.யில், 2.0 கிராம் திட சோடியம் ஹைட்ராக்சைடு. இங்கே கரைதலும் நடுநிலையாக்கலும் ஒன்றாக நடக்கின்றன. கரைதலுக்கு 44.5, நடுநிலையாக்கலுக்கு 54.7, கூட்டினால் மோலுக்கு 99 கிலோஜூல். 0.050 மோலுக்கு 4.96 கிலோஜூல், நம் கலோரிமீட்டரில் 11 டிகிரிக்குச் சற்று மேல் ஏற வேண்டும். அப்புறம் அதே 2.0 கிராமை 100 மி.லி. நீரில் தனியாகக் கரைத்து அளந்தால் கழித்துப் பார்க்கலாம். ஹெஸ் விதியை உங்கள் கையாலேயே சரிபார்த்த மாதிரி. துணுக்குகளை வேகமாக எடைபோட வேண்டும், தாமதித்தால் பாதி எடை ஈரமாக இருக்கும். தாமிரத்தில் அமிலத்தை நிறுத்த வேண்டியிருப்பதால் இந்தச் சோதனைக்குத் தெர்மாஸ் குடுவை நல்லது. அதற்கான மாறிலியைத் தனியாகக் காண வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாமா?

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது குளிரும். அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, வினை வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. இங்கே பேசிய நடுநிலையாக்கல் அது இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடுக்காகக் கடையில் விற்கும் டிரெயின் கிளீனரை வாங்க வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துண்டுகள் கலந்திருக்கும். நீர் பட்டவுடன் கொதிக்கும், ஹைட்ரஜன் வெளிவரும். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடே கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. ஆய்வகத்தில், கண்ணாடி அணிந்து செய்யுங்கள். பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போங்கள்.